ஞாயிற்றுக்கிழமை நமக்கு எப்படி வந்தது?

(தோட்ட மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டின படங்கைக்கூட அவிழ்க்காமல் சிலபேர் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மாதாமாதம் நான் பேசுவது உங்களுக்கு மனப்பாடம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பிள்ளைக்குத் தடுப்பூசி போடுங்கள், கானை அடைக்காதீர்கள். இன்றைக்கு அது இல்லை. போன ஐப்பசியில் மேல்கணக்கில் நடந்த ஒரு சாவு பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாயாருக்கு ரெண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் கோயிலுக்குப் போகிறவர், இளையவர் சபைக்குப் போகிறவர். பெட்டியை வெளியே எடுத்த பிறகு, யார் செபம் சொல்வது என்று வாய்த்தர்க்கம். மழை. பெட்டி ரெண்டு மணித்தியாலம் லயத்து வாசலில் இருந்தது. மேலே ஒரு சாக்குப் படங்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நாலு பேரில் நானும் ஒருத்தன்.

அன்றைக்கு ரெண்டு பக்கமும் சொன்னது ஒரே வார்த்தைதான். "ஆதியிலே இப்படித்தான் இருந்துச்சு." சாம்பிராணியும் மெழுகுதிரியும் ஆதியிலிருந்து வந்தது என்றார்கள் ஒரு பக்கம். ஆற்றில் முழுகி எடுப்பதும் மனசு விட்டு செபிப்பதும்தான் ஆதி, மற்றதெல்லாம் பிறகு ஒட்டினது என்றார்கள் மற்றப் பக்கம். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. நான் சுவாமியும் இல்லை, பாஸ்டரும் இல்லை. பத்தாம் வகுப்போடு நிறுத்தி, பிறகு பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவன். ஆனால் அந்த ரெண்டு மணித்தியாலம் என்னை விடவில்லை. ஒரு சுவாமியிடமும் ஒரு பாஸ்டரிடமும் போய்ப் புத்தகம் கேட்டேன். ரெண்டு பேருமே முகம் கோணாமல் கொடுத்தார்கள். அதில் படித்ததைத்தான் சொல்லப் போகிறேன். வேல் குத்திச் சாமி கும்பிடுகிற வீட்டுக்காரர்களும் இங்கே பாதிப்பேர் இருக்கிறீர்கள். இருந்து கேளுங்கள். இது கோயில் கதை மட்டுமல்ல, வேலைக்காரர் கதையும்தான்.

முதலில் ஒன்று. இயேசு நாதரும் அவருடைய சீடர்களும் யூதர்கள். அவர்களுடைய ஓய்வு நாள் சனிக்கிழமை. வேதத்தை வாசிப்பது, சங்கீதம் பாடுவது, வாசித்ததை விளக்குவது எல்லாம் யூதருடைய செபக்கூடத்தில் ஏற்கெனவே இருந்த பழக்கம். "ஆமென்" என்கிறோமே, "அல்லேலூயா" என்கிறோமே, ரெண்டும் எபிரேயச் சொல். எந்தக் கோயிலானாலும் எந்தச் சபையானாலும் அந்த ரெண்டு சொல்லையும் யாரும் விட்டதில்லை. அப்பத்தை ஆசீர்வதித்துப் பிட்டுக் கொடுப்பதும் யூத வீட்டுச் சாப்பாட்டு வழக்கத்திலிருந்து வந்ததே. இயேசு உயிர்த்தெழுந்த நாள் வாரத்தின் முதல் நாள் என்பதால், அந்த நாளில் கூடுவது ஆரம்பமானது. அதுதான் ஞாயிறு.

இங்கே நாம் மறந்துபோகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து உரோம ராச்சியத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது! அது வேலை நாள். கூடினவர்களில் எத்தனையோ பேர் அடிமைகள், கூலிக்காரர், கைவேலை செய்கிறவர்கள். அப்படியானால் எப்போது கூடுவார்கள்? விடியுமுன், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. துரோவா என்ற ஊரில் பவுலடியார் பேசின கூட்டம் அப்படி ஒன்று. மூன்றாம் மாடியில் நிறைய விளக்கு ஏற்றி வைத்து, நடுச்சாமம் வரை பேசுகிறார். சன்னலில் உட்கார்ந்திருந்த ஒரு வாலிபன் தூங்கிக் கீழே விழுந்துவிடுகிறான். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டான். பகல் முழுதும் வேலை செய்த பையனாக இருந்திருப்பான் என்பது என் நினைப்பு. கூட்டத்தில் கண் சொருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவன்தான் ஞாபகம் வருகிறான். அதனால் நான் யாரையும் ஏசுவதில்லை.

அந்தக் கூட்டங்களில் சண்டை இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. கிரேக்க நாட்டிலே கொரிந்து என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்குள்ள சபைக்கு ஏறத்தாழ கி.பி. 55ல் பவுல் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலத்தில் கர்த்தருடைய பந்தி என்பது மெய்யாகவே ஒரு சாப்பாடு. வசதியுள்ளவர்கள் முந்தி வந்து, கொண்டுவந்ததை அவர்களே சாப்பிட்டு, குடித்தும் முடித்துவிடுகிறார்கள். பிந்தி வருகிறவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. பிந்தி வருகிறவன் யார்? எசமான் விட்ட பிறகு வருகிற அடிமையும் கூலிக்காரனும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பவுலுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். ஒருவன் பட்டினி, ஒருவன் வெறி, இல்லாதவனை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். திருவிருந்தைப் பற்றி நம்மிடம் இருக்கிற மிகப் பழைய எழுத்தில் ஒன்று இந்தக் கடிதம். பந்தியைப் பற்றிய பகுதியில், கையை எப்படி வைப்பது என்பதெல்லாம் சண்டையே இல்லை. சாப்பாடு கிடைக்காதவனைப் பற்றித்தான் சண்டை.

பிறகு ஏறத்தாழ 112ல், இன்றைய துருக்கி நாட்டின் வடக்கே பித்தினியா என்ற மாகாணத்தில் பிளினி என்று ஒரு தேசாதிபதி இருந்தார். கிறிஸ்தவர் அல்ல, கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். ட்ராஜன் சக்கரவர்த்திக்கு அவர் எழுதின கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதுகிறார். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறி மாறிப் பாடுகிறார்களாம். களவெடுக்கமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பிக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்களாம். பிறகு கலைந்து போய், மறுபடி கூடிச் சாப்பிடுகிறார்களாம், அதுவும் சாதாரணச் சாப்பாடு. உண்மையைக் கறக்க ரெண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களுக்குச் சபையில் "பணிவிடைக்காரிகள்" என்று பட்டம். அவர்கள் பெயரை அவர் எழுதவில்லை.

விடியுமுன் என்றால் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெரட்டுக்குப் போக நாலு மணிக்கு எழும்புகிற ஆட்கள் நீங்கள். அதற்கும் முந்தி எழும்பிப் பாட்டுப் பாடிவிட்டு வேலைக்குப் போனவர்கள் அவர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். பெயர் யுஸ்தீன். இன்றைக்கு நப்லுஸ் என்று சொல்கிற பாலஸ்தீன ஊரில் பிறந்து, உரோமாபுரியில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். ஏறத்தாழ 155ல் அந்தோனினுஸ் பியுஸ் சக்கரவர்த்திக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். "எங்களைப் பற்றி ஊரில் கண்டபடி பேசுகிறார்கள், நாங்கள் செய்வது இதுதான்" என்கிற மாதிரி. அதிலே ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். பட்டணத்தில் இருக்கிறவர்களும் நாட்டுப்புறத்தில் இருக்கிறவர்களும் ஓரிடத்தில் கூடுவார்கள். அப்போஸ்தலர்களின் எழுத்தையோ தீர்க்கதரிசிகளின் எழுத்தையோ நேரம் இருக்குமட்டும் வாசிப்பார்கள். தலைமை தாங்குகிறவர் புத்தி சொல்லுவார். எல்லோரும் எழுந்து நின்று மன்றாடுவார்கள். அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படும். தலைவர் தன்னால் முடிந்தமட்டும் நன்றி செபம் சொல்லுவார், சனங்கள் ஆமென் என்பார்கள். பிறகு எல்லோருக்கும் பங்கு. வரமுடியாதவர்களுக்கு உதவியாளர் கையில் வீட்டுக்கு அனுப்பப்படும்.

கவனமாகப் பாருங்கள். வாசகம், பிரசங்கம், மன்றாட்டு, பிறகு அப்பம் என்ற ஒழுங்கு இன்றைக்குப் பூசையிலும் அதே ஒழுங்குதான். மூத்த அண்ணன் சொன்னது சரி. "தன்னால் முடிந்தமட்டும்" என்றால், அப்போது எழுதி வைத்த செபம் ஒன்றே ஒன்று என்று இல்லை, சொல்கிறவர் தன் வாயால் சொன்னார். தம்பி சொன்னதும் சரி. ரெண்டும் ஒரே காகிதத்தில் இருக்கிறது!

அந்தக் காகிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நலன்புரி வேலை செய்கிறவன் என்பதால் அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வசதியுள்ளவர்கள், மனமிருந்தால், விரும்பினதைக் கொடுப்பார்கள். அது தலைவரிடம் சேரும். அவர் அதைக்கொண்டு அநாதைப் பிள்ளைகளையும், விதவைகளையும், நோயில் கிடக்கிறவர்களையும், மறியலில் இருப்பவர்களையும், ஊருக்குப் புதிதாக வந்த அந்நியரையும் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின் மிகப் பழைய முழு விவரத்திலேயே இந்த உதவிப் பணம் இருக்கிறது. பிறகு யாரோ சேர்த்தது இல்லை. யுஸ்தீனை ஏறத்தாழ 165ல் உரோமாபுரியில் கொன்றார்கள்.

ஞானஸ்நானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சண்டை பெரும்பாலும் அங்கேதானே. "திதாக்கே" என்று ஒரு சின்னப் பழைய புத்தகம் உண்டு. போதனை என்று அர்த்தம். ஏறத்தாழ முதலாம் நூற்றாண்டு முடிவிலோ இரண்டாம் நூற்றாண்டு தொடக்கத்திலோ எழுதினது. நூற்றாண்டுக் கணக்காகக் காணாமல் கிடந்து, 1873ல் கொன்ஸ்தாந்திநோபிளில் ஒரு கிரேக்க ஆயர் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார். ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள் என்கிறது அது. ஓடுகிற தண்ணீர் இல்லையா, வேறே தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் முடியாதா, வெந்நீர். ரெண்டும் போதாதா, தலையில் மூன்று தரம் ஊற்றுங்கள். அவ்வளவுதான். ஆறும் இருக்கிறது, செம்பும் இருக்கிறது. மார்கழிக் குளிரில் நம் ஆற்றில் இறங்கினவர்களுக்குத் தெரியும், அந்த வெந்நீர் என்ற வார்த்தையை எழுதினவர் மனிதரை அறிந்தவர்.

சரி, எங்கே கூடினார்கள்? கோயில் கட்டடம் அப்போது இல்லை. வீடுகள்தான். சிரியா நாட்டில் யூப்பிரட்டீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோப்பொஸ் என்ற எல்லைப் பட்டணத்தில் அப்படி ஒரு வீடு அகப்பட்டது. சாதாரண வீடு. ஏறத்தாழ 240ஆம் ஆண்டளவில் ரெண்டு காம்பராவுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரு நீளக் கூடமாக்கியிருக்கிறார்கள். நெருங்கி உட்கார்ந்தால் எழுபது பேர்வரை கொள்ளும். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி. அதைச் சுற்றி மண்சுவரில் சித்திரம்: ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பர், கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நோயாளி, கல்லறைக்கு வருகிற பெண்கள். பிறகு பாரசீகப் படை வரப்போகிறது என்று, பட்டண மதிலைப் பலப்படுத்த, மதிலோரத்து வீடுகளை மண்போட்டு நிரப்பினார்கள். பட்டணம் 256 அளவில் விழுந்து பாழாய்ப் போனது. அந்த மண்தான் வீட்டைக் காப்பாற்றினது. 1930களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தார்கள். சித்திரங்கள் இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

லயத்தில் ரெண்டு காம்பராவைச் சேர்த்துச் செபக்கூடம் வைத்திருக்கிறார்கள் என்று நம்மில் சிலபேர் இளக்காரமாகப் பேசுகிறோம். கோயில் என்றால் மணிக்கூண்டு வேண்டும் என்கிறோம். ரெண்டு காம்பரா கோயில்தான் மூத்தது.

பெரிய கட்டடம் எப்படி வந்தது? 313ல் கொன்ஸ்தந்தீன் சக்கரவர்த்தியும் கிழக்கை ஆண்ட லிசீனியுசும் கிறிஸ்தவர்கள் தங்கள் இஷ்டப்படி வழிபடலாம் என்று விட்டார்கள். கூட்டம் பெருகினது. நியாயசபையும் வியாபாரமும் நடந்த நீள மண்டபத்தின் அமைப்பிலே கோயில் கட்டினார்கள். அதற்குப் பிறகு பல காரியம் சேர்ந்தது. சாம்பிராணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கிறிஸ்தவர்கள் அதைக் கிட்டவும் சேர்க்கவில்லை. ஏனென்றால் சக்கரவர்த்தியின் சிலைக்குத் தூபம் போடு, இல்லாவிட்டால் சாவு என்று அவர்களை மிரட்டினது அதை வைத்துத்தான். மிரட்டல் போன பிறகு பயமும் போனது. 380களில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற ஒரு பெண், ஞாயிறு காலையில் கல்லறைக் கோயில் முழுக்கத் தூப வாசனை நிறைந்திருந்ததை எழுதி வைத்திருக்கிறாள். ஆகவே தூபம் பழசும்தான், பிறகு வந்ததும்தான்.

சுவாமிமார் பூசைக்குப் போடுகிற மேலங்கி இருக்கிறதே, அது உரோமர்கள் பயணத்துக்கும் மழைக்கும் போர்த்தின அங்கியிலிருந்து வந்தது. ஊரார் உடுப்பு மாறிப்போனது, பலிபீடத்தில் மாறவில்லை. முந்தி நம் பாட்டன்மார் மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போன கம்பளியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். கிறிஸ்மசை டிசம்பர் 25ல் வைப்பது உரோமாபுரியில் 336 அளவில் இருந்தது என்று ஒரு பழைய பஞ்சாங்கத்தால் தெரிகிறது. பாஷையும் மாறினது. உரோமாபுரியிலேயே முதலில் கிரேக்கத்தில்தான் வழிபாடு. நாலாம் நூற்றாண்டில்தான் சனங்கள் பேசின லத்தீனுக்கு மாறினது. அந்த லத்தீன் யாருக்கும் விளங்காத பாஷையான பிறகும் நெடுங்காலம் நின்றது. 1963ல் வத்திக்கான் சங்கம் தாய்ப்பாஷைக்கு வழிவிட்ட பிறகே பூசை நமக்குத் தமிழில் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு சுவாமி லத்தீனில் சொன்னதை வயசானவர்கள் சிலர் இன்னும் சொல்லக் கேட்கலாம்.

இனி லீவுக் கதை. இதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். 321ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொன்ஸ்தந்தீன் ஒரு சட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நீதவான்களும் பட்டணத்துச் சனங்களும் ஓய்ந்திருக்க வேண்டும், பட்டறைகளை மூட வேண்டும். ஆனால் நாட்டுப்புறத்தில் விவசாய வேலை செய்கிறவர்கள் தாராளமாக வேலை செய்யலாம். விதைக்கவும் திராட்சை நடவும் அந்த நாள்தான் வாய்ப்பான நாளாக இருந்துவிடலாம், நேரம் தப்பினால் விளைச்சல் போய்விடும் என்று காரணமும் எழுதியிருக்கிறது. பார்த்தீர்களா! ஞாயிறு லீவு பிறந்த அன்றைக்கே மண்ணில் நிற்கிறவனை வெளியே விட்டுவிட்டார்கள். கொழுந்து கூடின மாசத்தில் ஞாயிறும் மலைக்குப் போங்கள் என்று சொல்லும்போது, கொழுந்து முத்திவிடும் என்றுதானே நமக்கும் காரணம் சொல்கிறார்கள். காரணம் ஆயிரத்து எழுநூறு வருஷம் பழசு.

அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு சட்டம். ஞாயிற்றுக்கிழமை வழக்கு நடத்தக்கூடாது, ஆனால் அடிமையை விடுதலை செய்கிற காரியத்தை மட்டும் செய்யலாம். இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வயல் வேலைக்காரரையும் சேர்த்து நிறுத்தச் சொன்னது அதற்கு 217 வருஷத்துக்குப் பிறகு. 538ல், இன்றைய பிரான்சில் ஓர்லியன்ஸ் என்ற ஊரில் ஆயர்கள் கூடி, உழவும் அறுப்பும் ஞாயிறு வேண்டாம், சனங்கள் கோயிலுக்கு வர வசதியாயிருக்கும் என்று தீர்மானித்தார்கள். சமைக்கக்கூடாது, பிரயாணம் போகக்கூடாது என்று கெடுபிடி செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

நம் நாட்டிலும் வீட்டுக்குள்ளே ஒளித்து வழிபட்ட காலம் இருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடுத்த நாளில், 1687ல் கோவையைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் சுவாமி—கோயம்புத்தூர் இல்லை, போர்த்துக்கேயர் ஆண்ட கோவா—பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து, இராத்திரியில் வீடு வீடாகப் பூசை வைத்தார். 1692ல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று மறியலில் போட்டார்கள். 1711ல் கண்டியிலேயே காலமானார். 2015ல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். அங்கிலிக்கன் பக்கத்தில், கோப்பிக் காலத்திலே, 1854ல் தோட்டத்துத் தமிழருக்கென்று ஒரு மிஷன் தொடங்கினது. அதன் பெயரிலேயே "கூலி" என்ற சொல் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்து போய்ப் படிப்பித்தார்கள்.

நேரம் போய்விட்டது, அடுப்பு காத்திருக்கிறது. மரண உதவிச் சங்கத்தோடு நான் பேசின ஒரு காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். சந்தாப் புத்தகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரே ஒரு வரி இடம் விட்டிருக்கிறோம். தனக்கு ஏதும் நடந்தால் யார் வந்து செபம் சொல்ல வேண்டும் என்பதை, வயசுக்கு வந்த ஒவ்வொருத்தரும் உயிரோடு இருக்கும்போதே சொல்லி எழுதி வையுங்கள். கோயிலா, சபையா, தேவாரமா, அது உங்கள் இஷ்டம். ரெண்டு பேரை எழுதினாலும் சரி, முதலில் யார் பிறகு யார் என்று போட்டுவிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் செயலாளர் எழுதுவார், நீங்கள் கைநாட்டு வைக்கலாம். மேல்கணக்கு அண்ணனும் தம்பியும் போன கிழமை வந்து தங்கள் வீட்டு வரியை நிரப்பிவிட்டார்கள். என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை. புத்தகம் இந்த மாதம் முடியும்வரை பிள்ளைக் காம்பராவில் இருக்கும், சம்பள நாளன்று கொழுந்து மடுவத்துக்கு வரும்.